குடலுக்கு ஒரு கவசம்

கதிர்வீச்சு சிகிச்சையின்போது வரும் வயிற்றுப்போக்கு பல நோயாளிகளைப் பாதியிலேயே ஊருக்கு ஓட வைக்கிறது. அதைத் தடுக்க நல்ல பாக்டீரியாக்கள் உதவும் என்கின்றன சில ஆய்வுகள். ஆனால் எந்த பாக்டீரியா, எப்போது, யாருக்கு?

மும்பை பரேலில் டாட்டா மெமோரியல் மருத்துவமனையைச் சுற்றியிருக்கும் தெருக்களில் நடந்தால் நாட்டின் பாதி மாநிலங்களை நடைபாதையிலேயே பார்த்துவிடலாம். பீகார், மேற்கு வங்கம், உத்தரப் பிரதேசம், அசாம் என்று எங்கிருந்தெல்லாமோ வந்து சேர்ந்த குடும்பங்கள். தர்மசாலையில் இடம் கிடைத்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள். மற்றவர்களுக்கு ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, ஒரு ஸ்டவ், ஒரு பொதுக் கழிப்பறை.

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்காக வந்திருக்கும் பெண்ணுக்கு இதில் முக்கியமானது கடைசியாகச் சொன்னதுதான். கதிர்வீச்சு தொடங்கிய இரண்டாவது மூன்றாவது வாரத்தில் வயிறு கலக்க ஆரம்பிக்கும். சிலருக்கு நாளைக்கு நான்கு தடவை. சிலருக்குப் பத்து தடவைக்கு மேல். இரவில் எழுந்து, தெருவைக் கடந்து, காசு கொடுத்து, வரிசையில் நிற்க வேண்டும். நான்கு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "உடம்பு தேறியதும் வருகிறோம்" என்று ரயில் ஏறுபவர்கள் உண்டு. திரும்பி வராதவர்களும் உண்டு.

2022ம் ஆண்டுக்கான சர்வதேச மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஓராண்டில் சுமார் 1.27 லட்சம் பெண்களுக்குப் புதிதாகக் கருப்பைவாய்ப் புற்றுநோய் வந்தது. சுமார் 80,000 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் நோய் முற்றிய பிறகே மருத்துவமனைக்கு வருவதால் அறுவை சிகிச்சைக்கு வழியில்லை. கதிர்வீச்சுதான் கதி. தமிழ்நாட்டு நோயாளிகள் இதைக் 'கரண்ட் வைப்பது' என்பார்கள். வடக்கே 'சிகாயி', அதாவது ஒத்தடம். கேட்பதற்கு இதமாக இருக்கிறது. வாரத்துக்கு 5 நாள் வீதம் 5 வாரம், தினமும் 1.8 முதல் 2 கிரே அளவில், மொத்தம் 45 முதல் 50 கிரே வரை இடுப்புப் பகுதிக்கு வெளியிலிருந்து கதிர்வீச்சு. கூடவே வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் மருந்து. அதன் பிறகு கருப்பைக்குள்ளேயே கருவியை வைத்துக் கொடுக்கும் கதிர்வீச்சு. எல்லாம் எட்டு வாரத்துக்குள் முடிந்தாக வேண்டும். அதற்கு மேல் இழுக்கும் ஒவ்வொரு நாளும் நோய் கட்டுப்படும் வாய்ப்பு அரை முதல் ஒரு சதவீதம் வரை குறைகிறது என்பது பல நாடுகளில் பார்த்த கணக்கு. இரண்டு வாரம் ஊருக்குப் போய் வந்தால் என்ன ஆகும் என்று கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம். வயிற்றுப்போக்கு வெறும் தொந்தரவு அல்ல என்று டாக்டர்கள் கவலைப்படுவது அதனால்தான்.

இதில் குடல் எங்கே வந்தது? கருப்பை, மலக்குடல், சிறுநீர்ப்பை எல்லாம் ஒண்டுக்குடித்தனக்காரர்கள். இவர்களுக்கு மேலே சிறுகுடல் சுருண்டு கிடக்கிறது. கதிர் வரும் பாதையில் இவர்களும் இருக்கிறார்கள். உடம்பில் சிறுகுடலின் உள்பூச்சைப் போல அவசரமாகத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் இடங்கள் மிகக் குறைவு. அங்கே விரல் போன்ற நுண்ணிய உறிஞ்சிகள் கோடிக்கணக்கில் நிற்கின்றன. அவற்றின் அடியில் சின்னச் சின்னக் குழிகள். குழிகளின் அடித்தளத்தில் ஸ்டெம் செல்கள் ஓயாமல் பிரிந்து புதிய செல்களை உற்பத்தி செய்கின்றன. புதியவை மேலே ஏறி, வேலை பார்த்து, உச்சியில் உதிர்ந்துபோகின்றன. மூன்று முதல் ஐந்து நாட்களில் மொத்தப் பூச்சும் மாறிவிடும்.

பிரிந்து பெருகும் செல்களைத்தான் கதிர்வீச்சு அதிகம் கொல்கிறது. புற்றுநோய் செல்லை அது கொல்வதும் அப்படித்தான். குழியில் உற்பத்தி நின்றுபோகிறது. மேலே உதிர்வது நிற்பதில்லை. விளைவு: சில நாட்களில் உறிஞ்சிகள் குட்டையாகி, இடையிடையே வழுக்கை விழுகிறது. உறிஞ்சப்பட வேண்டிய பித்த உப்புகள் பெருங்குடலுக்கு இறங்கி அங்கே தண்ணீரை இழுக்கின்றன. பாலைச் செரிக்கும் என்சைம் குறைந்துபோவதால் ஒரு டம்ளர் பால்கூட ஒத்துக்கொள்வதில்லை. பூச்சு விட்டுப்போன இடங்களில் குடலில் வாழும் பாக்டீரியாக்கள் சுவரைத் தாண்டி உள்ளே கசிகின்றன. வீக்கம் அதிகமாகிறது.

இந்த பாக்டீரியாக்களிடம்தான் கதையின் அடுத்த பாகம் இருக்கிறது.

பால் புளிக்கவைக்கும் பாக்டீரியாக்கள் குடலுக்கு நல்லது என்று நூறு ஆண்டுகளுக்கு முன்பே பிரசாரம் செய்தவர் ருஷ்ய விஞ்ஞானி எலி மெச்னிகாஃப். பாரிஸின் பாஸ்டர் நிலையத்தில் பணியாற்றிய இவர் 1908ல் நோபல் பரிசு பெற்றார். பரிசு வேறு ஆராய்ச்சிக்கு. தயிர் விஷயத்தில் அப்போது அவரைக் கேலி செய்தவர்களும் உண்டு. 'போதுமான அளவில் உட்கொண்டால் உடலுக்கு நன்மை செய்யும் உயிருள்ள நுண்ணுயிர்கள்' என்ற பொருளில் புரோபயாடிக் என்ற பெயர் நிலைத்தது வெகு காலம் கழித்துத்தான்.

கதிர்வீச்சுக்கு எதிராக இதை முதலில் முயன்று பார்த்தவர்களில் ஃபின்லாந்துக்காரர்கள் உண்டு. 1988ல் வெளியான அவர்களது ஆய்வில் இடுப்புப் பகுதியில் கதிர்வீச்சு பெற்ற 24 பெண்கள்தான் இருந்தார்கள். ஒரு பிரிவினருக்கு லாக்டோபேசில்லஸ் அசிடோஃபிலஸ் சேர்த்த புளித்த பால் தினமும் கொடுக்கப்பட்டது. அவர்களுக்கு வயிற்றுப்போக்கு குறைவாக இருந்தது. 24 பேரை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் யோசனை பிடித்துக்கொண்டது.

பெரிய ஆய்வு இத்தாலியின் மெஸ்ஸினாவில் நடந்தது. பெருங்குடலின் கடைப் பகுதி, மலக்குடல் அல்லது கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு அறுவை முடிந்து கதிர்வீச்சு பெற்ற 490 பேர். பாதிப் பேருக்கு எட்டு வகை பாக்டீரியாக்கள் கலந்த பொடி, ஒரு பொட்டலத்தில் 45,000 கோடி உயிர்கள், நாளைக்கு மூன்று பொட்டலம். மற்றவர்களுக்கு அதேபோல் தோன்றும் வெற்றுப் பொடி. 2007ல் முடிவு வெளியானது. வெற்றுப் பொடி சாப்பிட்டவர்களில் 51.8 சதவீதத்தினருக்கு வயிற்றுப்போக்கு. பாக்டீரியா சாப்பிட்டவர்களில் 31.6 சதவீதம். வயிற்றுப்போக்கு வந்தவர்கள் நாளைக்குச் சராசரியாக எத்தனை தடவை போனார்கள் என்ற கணக்கும் இருந்தது: வெற்றுப் பொடிப் பிரிவில் 14.7, மற்றதில் 5.1. பரேல் நடைபாதையில் இரவைக் கழிப்பவருக்கு இந்த இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசம் புரியும்.

நமக்கு நெருக்கமான ஆய்வு தாய்லாந்தின் சியாங் மாய் நகரத்திலிருந்து வந்தது. இந்தியாவைப் போலவே அங்கும் கருப்பைவாய்ப் புற்றுநோய் பெரும் தலைவலி. சிகிச்சையும் அதே கதிர்வீச்சு, அதே சிஸ்பிளாட்டின். 63 பெண்கள். அசிடோஃபிலஸும் பிஃபிடோபாக்டீரியமும் சேர்ந்த மாத்திரை, ஒரு வேளைக்கு 200 கோடி உயிர்கள், நாளைக்கு இரண்டு வேளை. மெஸ்ஸினாவின் அளவோடு ஒப்பிட்டால் இது கொசுறு. ஆனால் ஒரு விஷயத்தில் வித்தியாசம்: கதிர்வீச்சு தொடங்குவதற்கு ஏழு நாள் முன்பிருந்தே கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். 2010ல் வெளியான முடிவுப்படி, நடுத்தர மற்றும் கடுமையான வயிற்றுப்போக்கு மற்ற பிரிவில் 45 சதவீதத்தினருக்கு வந்தது, மாத்திரைப் பிரிவில் 9 சதவீதத்தினருக்குத்தான். பேதியை நிறுத்தும் மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது.

அந்த ஏழு நாள் ஏன் முக்கியம் என்பதற்கு எலிகளிடமிருந்து விளக்கம் கிடைத்தது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மேத்யூ சியோர்பாவின் குழு எலிகளுக்கு லாக்டோபேசில்லஸ் ராம்னோசஸ் ஜிஜி என்ற ரகத்தைக் கொடுத்துப் பிறகு கதிர்வீச்சு கொடுத்தது. (ஜிஜி என்பது 1983ல் அதைப் பிரித்தெடுத்த கோர்பாக், கோல்டின் ஆகியோரின் முதலெழுத்துகள்.) அந்த எலிகளின் குடலில் அதிகக் குழிகள் உயிர் பிழைத்தன. கதிர்வீச்சுக்குப் பிறகு கொடுத்தபோது ஒரு பலனும் இல்லை. காரணம் சுவாரஸ்யமானது. பாக்டீரியா ஒரு சமிக்ஞை தருகிறது. அதைக் கேட்டு, உறிஞ்சிகளின் உள்ளே இருக்கும் ஒருவகைத் துணைச் செல்கள் இடம் பெயர்ந்து குழியின் அடித்தளத்துக்கு அருகே வந்து நிற்கின்றன. அங்கே புராஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரந்து ஸ்டெம் செல்களைக் காக்கின்றன. வெள்ளம் வந்த பிறகு மணல் மூட்டை அடுக்கிப் பயனில்லை. மழைக்கு முன்பே அடுக்கியிருக்க வேண்டும். அதே பல்கலைக்கழகக் குழு 2019ல் வெளியிட்ட ஆய்வில் இன்னொரு படி போனது: சமிக்ஞை தருவது பாக்டீரியாவின் மேலுறையில் உள்ள லிப்போடெக்காயிக் அமிலம். உயிருள்ள பாக்டீரியா இல்லாமல் அந்த ஒரு பொருளை மட்டும் கொடுத்தாலே எலிக்குப் பாதுகாப்பு கிடைத்தது.

அணு விபத்து பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கும் இந்த ஆராய்ச்சியில் அக்கறை உண்டு. உடல் முழுவதும் ஒரே சமயத்தில் 10 கிரேக்கு மேல் வாங்கியவரைக் கொல்வது பெரும்பாலும் குடல்தான், அதுவும் இரண்டு வாரங்களுக்குள். 1986ல் செர்னோபிலில் கதிர்வீச்சு நோய் உறுதிசெய்யப்பட்ட 134 பேரில் 28 பேர் முதல் சில மாதங்களிலேயே இறந்தார்கள். ஆனால் விபத்து ஏழு நாள் முன்னதாகத் தகவல் சொல்லிவிட்டு வருவதில்லை. வட கரோலினா பல்கலைக்கழகத்தில் ஜென்னி டிங்கின் குழு 2020ல் வேறு திசையிலிருந்து அணுகியது. சாகும் அளவு கதிர்வீச்சு பெற்ற எலிகளில் மிகச் சில மட்டும் ஏனோ சாகவில்லை. அவற்றின் குடலைப் பார்த்தால் லாக்னோஸ்பிரேசி, என்டெரோகாக்கேசி என்ற இரு குடும்ப பாக்டீரியாக்கள் நிறைய. அவற்றை மற்ற எலிகளுக்குக் கொடுத்தபோது அவையும் தாக்குப்பிடித்தன. இவை கடையில் பொட்டலத்தில் கிடைக்கும் சரக்கு அல்ல.

இதெல்லாம் சேர்ந்து தயிரே சர்வரோக நிவாரணி என்று தோன்றவைத்தால், அதே செயின்ட் லூயிஸில் ஜெஃப்ரி கார்டனின் ஆய்வுக்கூடம் 2005ல் சொன்னதையும் கேட்க வேண்டும். பிறந்ததிலிருந்து ஒரு நுண்ணுயிரும் அண்டாமல் மூடிய கூண்டில் வளர்க்கப்பட்ட எலிகளுக்குக் கதிர்வீச்சு கொடுத்துப் பார்த்தார்கள். சாதாரண எலிகளைவிட அவற்றின் குடல் நன்றாகவே தாங்கியது. அதாவது பாக்டீரியாவே இல்லாத குடல் உறுதியாக இருந்தது. கூட்டத்தில் காப்பவரும் இருக்கிறார், கவிழ்ப்பவரும் இருக்கிறார் என்றுதான் இதற்குப் பொருள் கொள்ள வேண்டும். 'நல்ல பாக்டீரியா' என்று மொத்தமாகச் சொல்வது விளம்பரக்காரர்களின் மொழி.

மனிதர்களிடமும் எல்லா ஆய்வுகளும் வெற்றியல்ல. ஸ்பெயினில் 85 பெண்களுக்கு லாக்டோபேசில்லஸ் கேசி சேர்த்த தயிர்ப் பானம் கொடுத்துப் பார்த்தார்கள். 2008ல் வெளியான முடிவு: மலம் கொஞ்சம் கெட்டியானது, வயிற்றுப்போக்கு வந்தவர்களின் எண்ணிக்கை குறையவில்லை. இதுவும் லாக்டோபேசில்லஸ்தான். ஆனால் ரகம் வேறு. ஒரே குடும்பப் பெயர் கொண்ட இரண்டு பேர் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும் என்று என்ன கட்டாயம்?

டெல்லியின் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் அனுபவமும் இங்கே கவனிக்கத்தக்கது. அங்கே பார்த்தது குடலை அல்ல, அதன் வாசலை. தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சும் கீமோதெரபியும் பெற்ற 200 பேருக்கு லாக்டோபேசில்லஸ் பிரெவிஸ் சேர்த்த சப்பும் மாத்திரையும், பாக்டீரியா இல்லாத மாத்திரையும் பிரித்துக் கொடுக்கப்பட்டன. வாயும் தொண்டையும் கடுமையாக வெந்துபோவது 77 சதவீதத்திலிருந்து 52 சதவீதமாகக் குறைந்தது. அதைவிட முக்கியம், சிகிச்சையை முழுதாக முடித்தவர்கள் ஒரு பக்கம் 92 சதவீதம், மறுபக்கம் 70. இது 2012ல். ஏழு ஆண்டுகள் கழித்து இத்தாலியில் இதே பாக்டீரியாவைச் சோடா உப்புக் கொப்பளிப்போடு ஒப்பிட்டபோது வித்தியாசம் ஏதுமில்லை.

ஆக, நிபுணர்கள் ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே வைத்து நிற்கிறார்கள். புற்றுநோய்ப் பராமரிப்புக்கான சர்வதேச அமைப்பு ஒன்று 2014ல் வெளியிட்ட வழிகாட்டி, இடுப்புப் பகுதிக்குக் கதிர்வீச்சு பெறுபவர்களுக்கு லாக்டோபேசில்லஸ் அடங்கிய புரோபயாடிக்கை 'யோசனையாக' முன்வைத்தது. 'பரிந்துரை' என்ற வலுவான சொல்லைத் தவிர்த்தது. ஆய்வுகளையெல்லாம் சல்லடை போட்டுப் பார்க்கும் காக்ரேன் குழு 2018ல் சான்றின் உறுதி குறைவு என்று மதிப்பிட்டது. சிறிய ஆய்வுகள், வேறு வேறு ரகங்கள், வேறு வேறு அளவுகள். இவற்றைக் கூட்டிச் சராசரி எடுப்பது இட்லியையும் இடியாப்பத்தையும் கூட்டுவது மாதிரிதான்.

அபாயமே இல்லை என்று அலட்சியமாக இருக்கவும் முடியாது. கடுமையான கணைய அழற்சி நோயாளிகளுக்குப் புரோபயாடிக் கொடுத்துப் பார்த்த நெதர்லாந்து ஆய்வு 2008ல் டாக்டர்களை அதிரவைத்தது. புரோபயாடிக் பெற்றவர்களில் 16 சதவீதம் பேர் இறந்தார்கள். பெறாதவர்களில் 6 சதவீதம். சிலருக்குக் குடலுக்கு ரத்த ஓட்டமே குறைந்து திசு செத்துப்போயிருந்தது. அந்த நோய் வேறு, குழாய் வழியாகக் கொடுத்த முறை வேறு என்றாலும், உயிருள்ள கிருமியை உள்ளே அனுப்புகிறோம் என்ற நினைவு வேண்டும். கீமோதெரபியில் வெள்ளை அணுக்கள் சரிந்து கிடக்கும்போதும், பெரிய ரத்தக் குழாயில் டியூப் வைத்திருக்கும்போதும் நல்ல பாக்டீரியாவே ரத்தத்தில் புகுந்து வில்லனாகலாம். அபூர்வம்தான், ஆனால் நடந்திருக்கிறது. டாக்டரிடம் சொல்லாமல் தானாக வாங்கிச் சாப்பிடக் கூடாது என்பதற்கு இந்த ஒரு காரணம் போதும்.

வாங்குவதும் லேசில்லை. இந்திய மருந்துக் கடையில் வயிற்றுப்போக்குக்கு 'நல்ல பாக்டீரியா' கேட்டால் பல சமயம் கைக்கு வருவது பேசில்லஸ் கிளாசி என்ற ரகத்தின் சிறு பிளாஸ்டிக் குப்பி. மெஸ்ஸினாவிலும் சியாங் மாயிலும் கொடுத்தது அது அல்ல. உணவில் சேர்க்கும் புரோபயாடிக் ஒரு நாளைய அளவில் குறைந்தது 10 கோடி உயிர்களாவது இருக்க வேண்டும் என்கிறது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. சியாங் மாய் பெண்கள் சாப்பிட்டது அதைப்போல 40 மடங்கு. தவிர, லாக்டோபேசில்லஸ் பொடிகளில் பல ஃபிரிட்ஜில் இருக்க வேண்டியவை. மே மாத மும்பையில், நடைபாதையில், ஃபிரிட்ஜுக்கு எங்கே போவது?

சரி, வீட்டுத் தயிர்? 2014ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் தென்னிந்திய வீடுகளில் உறையூற்றிய தயிரிலிருந்து பாக்டீரியாக்களைப் பிரித்துச் சோதித்தார்கள். வயிற்று அமிலத்தையும் பித்தத்தையும் தாங்கும் திறன் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு அளவில் இருந்தது. வீக்கத்தைக் குறைக்கும் தன்மையும் சிலவற்றில் தெரிந்தது. மொத்தத்தில், எதிர்வீட்டில் கடன் வாங்கிய உறையில் என்ன இருக்கிறது என்பது எதிர்வீட்டுக்காருக்கே தெரியாது. பாலைவிடத் தயிர் வெந்த குடலுக்கு எளிது என்பது உண்மை, காரணம் பால் சர்க்கரையில் ஒரு பகுதியைப் பாக்டீரியாவே தின்றுவிடுகிறது. தயிர்சாதம் சாப்பிடலாம். அதை மருந்தாகக் கணக்கு வைக்க முடியாது.

உண்மையில் குடலைக் காப்பதில் இந்தியாவிலேயே நிரூபிக்கப்பட்ட பெரிய சாதனை பாக்டீரியாவுடையது அல்ல, இயந்திரத்துடையது. டாட்டா மெமோரியலில் அறுவைக்குப் பின் கதிர்வீச்சு பெற்ற 300 கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பெண்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான முறை. இன்னொரு பிரிவுக்குக் கதிரின் அடர்த்தியை இடத்துக்கு இடம் மாற்றி, தினமும் ஸ்கேன் படத்தைப் பார்த்துக் குறிவைக்கும் ஐஎம்ஆர்டி முறை. சுப்ரியா சோப்ரா தலைமையில் நடந்த இந்த ஆய்வின் முடிவு 2021ல் வெளியானது. மூன்று ஆண்டுகளில் குடலுக்கு நீடித்த பாதிப்பு வழக்கமான முறையில் 42.4 சதவீதம், புதிய முறையில் 21.1 சதவீதம். சரிபாதி.

'நீடித்த' என்ற சொல்லை அடிக்கோடிட வேண்டும். சிகிச்சையின்போது வரும் வயிற்றுப்போக்கு முடிந்த சில வாரங்களில் அடங்கிவிடும். மாதங்கள், ஆண்டுகள் கழித்து வருவது வேறு: நுண்ணிய ரத்தக் குழாய்கள் அடைபட்டு, குடல் தழும்பேறி, சுருங்கி, ரத்தம் கசிந்து, சிலருக்கு ஓட்டையே விழும். மெஸ்ஸினாவிலும் சியாங் மாயிலும் ஸ்பெயினிலும் அளந்தது முதல் வகையைத்தான். இரண்டாவது வகையில் பொட்டலம் உதவும் என்று சொல்ல அந்த ஆய்வுகளில் ஆதாரமில்லை.

செலவே இல்லாத உபாயம் ஒன்றும் உண்டு. கதிர்வீச்சு மேஜையில் படுப்பதற்கு முன் நிறையத் தண்ணீர் குடித்து, சிறுநீர்ப்பையை நிரப்பிக்கொண்டு வரச் சொல்வார்கள். நிறைந்த பை சிறுகுடலை மேலே தள்ளிவிடும், கதிரின் பாதையிலிருந்து கொஞ்சமாவது விலகும். பேதிக்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் வருபவர்கள் இதைத்தான் கெடுத்துக்கொள்கிறார்கள். உப்புச் சர்க்கரைக் கரைசல், லோபரமைடு மாத்திரை ஆகியவை எப்போதும்போல உண்டு. கூச்சத்தை விட்டு எத்தனை தடவை போனோம் என்று டாக்டரிடம் சொன்னால்தான் அவையும் கிடைக்கும். ஆண் டாக்டரிடம் அதைச் சொல்லக் கூசி, கேட்டால் "நன்றாக இருக்கிறேன்" என்று தலையாட்டிவிட்டுப் போகும் பெண்கள் நம் நாட்டில் குறைவல்ல.

ஐஎம்ஆர்டி எல்லா ஊரிலும் இல்லை. நாட்டின் பல அரசு மருத்துவமனைகளில் இன்னும் உழைத்துக்கொண்டிருப்பவை பழைய கோபால்ட் இயந்திரங்கள். அங்கே சிகிச்சை பெறும் பெண்ணின் குடல்தான் அதிகம் வேகிறது. அவளுக்குத்தான் மலிவான, ஓரளவு நிரூபணமான ஒரு பாதுகாப்பு அதிகம் தேவை. மெஸ்ஸினா அளவுக்கு 500 பேரை வைத்து, ஒரே ரகத்தை, ஒரே அளவில், ஏழு நாள் முன்பிருந்தே கொடுத்துப் பார்க்கும் ஆய்வை இந்தியாவைவிட வேகமாக முடிக்கக்கூடிய நாடு அதிகமில்லை. நோயாளிகளுக்கா பஞ்சம்? அந்த ஏழு நாளுக்கும் பஞ்சமில்லை. பெரிய அரசு மருத்துவமனைகளில் கதிர்வீச்சு இயந்திரத்தில் இடம் கிடைக்க வாரக்கணக்கில் காத்திருப்பவர்கள், அந்த நாட்களை இப்போது வரிசையில் உட்கார்ந்துதான் கழிக்கிறார்கள்.